விண்வெளிக் காவலரும் சோதனைக் கூண்டும்

விண்வெளியைக் களமாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வெளிவந்தால், அறிவியல் பயிலும் மாணவர் முதலில் கேட்பது “இப்படியெல்லாம் நடக்குமா?” என்பதுதான். நல்ல கேள்வி. ஆயினும் அது ஒன்றையே கேட்டு நின்றுவிட்டால் பல கதைகளின் பயன் நமக்குக் கிட்டாமல் போகும். இயற்கை விதிகளை மனம்போல் வளைக்கும் கதை கூட, அறிவியல் செய்வோர் மறந்துவிடக் கூடாத ஒன்றை நினைவூட்டலாம். அப்படிப்பட்ட ஒரு கதைத்தொடரை இங்கு ஆராய்வோம்.

‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ என்பது அதன் பெயர். ‘விண்மீன் மண்டலக் காவலர்கள்’ என்று தமிழில் கூறலாம். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1969-இல் இப்பெயருடன் ஒரு படக்கதைக் குழுவை உருவாக்கியது. ஆனால் இன்று உலகம் அறிந்திருப்பது 2008-இல் டான் ஆப்னெட், ஆண்டி லானிங் என்னும் எழுத்தாளர்கள் புதிதாகச் சேர்த்தெடுத்த குழுவையே. அதிலிருந்து சிலரைத் தேர்ந்துகொண்டு ஜேம்ஸ் கன் என்னும் இயக்குநர் 2014, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களை எடுத்தார். 2017-இலும் 2021-இலும் இதே குழுவை வைத்து இரு கணினி விளையாட்டுகளும் வெளிவந்தன.

குழுவின் உறுப்பினரைப் பார்த்தால் இவர்களா காவலர் என்று ஐயம் எழும். பீட்டர் குவில், சிறுவனாக இருந்தபோது பூமியிலிருந்து கடத்தப்பட்டுத் திருடனாக வளர்ந்தவன். கமோரா, கொலைத்தொழிலுக்குப் பயிற்றுவிக்கப்பட்ட பெண். டிராக்ஸ், மனைவியையும் மகளையும் பறிகொடுத்துப் பழிவாங்கத் திரிபவன். குரூட், தன் பெயரைச் சொல்லும் ஒரே வாக்கியத்தை மட்டுமே பேசும் நடமாடும் மரம். ராக்கெட், துப்பாக்கி ஏந்திப் பேசும் ரக்கூன். ரக்கூன் என்பது வட அமெரிக்காவில் வாழும் சிறு விலங்கு. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் வளையங்களும் உடையது. இவர்களுள் எவரும் எங்கும் பொருந்தாதவர். முதற்படத்தில் இவர்கள் ஒன்றுசேரும் இடமே ஒரு சிறைச்சாலைதான்.

வெற்றிடத்தில் ஒரு முகமூடி

முதலில் மாணவரின் கேள்விக்கு விடை காண்போம். முதற்படத்தில் கமோரா ஊர்தி உடைந்து விண்வெளியில் மிதக்கிறாள். குவில் தன் ஊர்தியை விட்டு வெளியேறித் தன் முகமூடியை அவளுக்கு அணிவிக்கிறான். இருவர் முகத்திலும் உடனே பனி படர்கிறது. உண்மையில் வெற்றிடத்தில் உடல் நொடிப்பொழுதில் உறைந்துவிடாது. வெப்பத்தைக் கடத்திச் செல்ல அங்கே காற்று இல்லை. கதிர்வீச்சால் உடல் மெல்லக் குளிரும். முதற்பெரும் ஆபத்து அழுத்தமின்மையும் உயிர்வளியின்மையுமே. மூளைக்கு உயிர்வளி கிட்டாமல் சுமார் 10 முதல் 15 வினாடிகளில் நினைவு தப்பும். தோலுக்கடியில் உள்ள நீர் ஆவியாகி உடல் வீங்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. 1966-இல் ஹூஸ்டன் நகரில் விண்வெளி உடையைச் சோதித்தபோது, வெற்றிட அறைக்குள் நின்ற தொழில்நுட்பர் ஒருவரின் உடையிலிருந்து குழாய் கழன்றது. சுமார் 14 வினாடிகளில் அவர் மயங்கி விழுந்தார். விரைந்து காற்றைச் செலுத்தியதால் பிழைத்துக்கொண்டார். நாவில் உமிழ்நீர் கொதிப்பதை உணர்ந்ததே தமக்கிருந்த கடைசி நினைவு என்று அவர் பின்னர் கூறினார். 1971 ஜூன் 30-இல் சோயுஸ் 11 கலத்தில் திரும்பிய மூன்று சோவியத் வீரர்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. காற்றுத் திறப்பு ஒன்று உரிய நேரத்திற்கு முன்பே திறந்துகொண்டதால் மூவரும் மாண்டனர்.

மூன்றாம் படத்தின் இறுதியில் குவில் மீண்டும் வெற்றிடத்தில் சிக்கும்போது அவன் முகம் வீங்குவதைக் காட்டுகிறார்கள். பனி அப்போதும் விடவில்லை. எனினும் ஒன்பது ஆண்டுகளில் உடலியல் சற்றே தேறியிருக்கிறது. 

தாவரவியலில் இத்தொடர் இன்னும் நன்றாகவே செய்கிறது. முதற்படத்தில் நண்பர்களைக் காக்கத் தன் கிளைகளைக் கூடாகப் பின்னிச் சிதறிப்போகிறது குரூட். ஒரு குச்சியைத் தொட்டியில் நட்டு வைக்கிறது ராக்கெட், அது துளிர்க்கிறது. முருங்கைக் கிளையை ஒடித்து நட்டு வளர்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நட்ட கிளை தாய்மரத்தின் மரபணுக்களையே கொண்டிருக்கும். ஆனால் தாய்மரம் கண்ட மழையையும் வெயிலையும் அது கண்டதில்லை. தொட்டியில் வளர்வது பழைய குரூட்டின் வழித்தோன்றலே, பழைய குரூட் அன்று என்று இயக்குநரும் தெளிவுபடுத்தியுள்ளார். மரபு வேறு, நினைவு வேறு என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

யாரோ செய்த சோதனையின் மிச்சம்

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். இக்குழுவினர் ஏன் பொருந்தாதவர் ஆயினர்? பெரும்பாலோர் யாரோ ஒருவரின் “மேம்பாட்டுத் திட்டத்தில்” மிஞ்சிய பொருள்கள் என்பதே விடை.

கமோராவும் நெபுலாவும் தானோஸ் என்னும் கொடியவன் வளர்த்த மகளிர். இருவரையும் அவன் மோதவிடுவான். தோற்கும் ஒவ்வொரு முறையும் நெபுலாவின் உடலில் ஓர் உறுப்பை எடுத்துவிட்டு இயந்திரத்தைப் பொருத்துவான்; அக்காளுக்கு நிகராக அவளை “உயர்த்துகிறானாம்”. இரண்டாம் படத்தில் குவிலின் தந்தை ஈகோ, கோளின் வடிவில் வாழும் ஓர் உயிர். எண்ணற்ற உலகங்களில் பிள்ளைகளைப் பெற்று, தன் ஆற்றல் வாய்க்காத பிள்ளைகளைக் கொன்று எலும்புக் குவியலாக்கியவன். குவிலின் தாயின் தலையில் புற்றுக்கட்டியை வைத்ததும் அவனே. அதே படத்தில் வரும் பொன்னிற மக்கள், மரபணுவைத் திருத்திப் பேழைகளில் பிறப்பிக்கப்படுபவர்கள். தம்மைக் குறையற்றவர் என்று எண்ணுபவர்கள். மூன்றாம் படத்தில், அம்மக்களையும் ராக்கெட்டையும் உண்டாக்கிய ஹை எவல்யூஷனரி என்னும் விஞ்ஞானி எதிரில் வந்து நிற்கிறான்.

ஆக, மூன்று படங்களிலும் தீமைக்கு அடையாளம் ஒன்றே. பிற உயிரைக் கச்சாப் பொருளாகக் கருதி, தேறியதை வைத்துக்கொண்டு தேறாததை எறியும் மனப்பான்மை அது. எறியப்பட்டவை ஒன்றுகூடியதுதான் காவலர் குழு. வேடிக்கைப் பேச்சும் பழைய பாட்டு நாடாக்களும் இந்தக் கருத்தை முதலிரு படங்களில் மறைத்து வைத்திருக்கின்றன. முதற்படத்தில், சிறையில் ராக்கெட்டின் முதுகில் உலோகங்கள் பதிந்திருப்பதைக் குவில் ஒரு கணம் காண்கிறான், அவ்வளவே. அந்த ஒரு கணத்தை விரித்துக் கூறுவதே மூன்றாம் படம்.

ஆய்வுக்கூடத்தை வென்ற விலங்கு

ராக்கெட் படக்கதையில் முதன்முதல் தோன்றியது 1976-இல். பில் மான்ட்லோவும் கீத் கிஃபெனும் அதைப் படைத்தனர். சோதனை விலங்காக ரக்கூன் வந்தது வேடிக்கைக்காகத்தான். ஆனால் விலங்கு உளவியலின் வரலாற்றைப் புரட்டினால், இதைவிடப் பொருத்தமான விலங்கு அமைந்திராது என்று தோன்றும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் உண்மையாகவே ரக்கூன்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தனர். கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் டேவிஸ் 12 ரக்கூன்களுக்குப் பலவகைத் தாழ்ப்பாள்கள் கொண்ட பெட்டிகளைக் கொடுத்தார். அவருடைய ஆய்வு 1907-இல் வெளிவந்தது. 13 வகைத் தாழ்ப்பாள்களில் 11-ஐ அவை பத்து முயற்சிகளுக்குள் திறந்தன. 1913-இல் வால்டர் ஹன்டர் வேறொரு சோதனை செய்தார். எந்த வாயிலில் விளக்கு எரிந்தது என்பதை, விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்து விலங்கு நினைவுகூர வேண்டும். எலிகளும் நாய்களும் அந்தத் திசை நோக்கி உடலைத் திருப்பி வைத்திருந்தால்தான் சரியாகச் சென்றன. ரக்கூன்கள் இடையில் அங்குமிங்கும் அசைந்த பிறகும் சரியான வாயிலுக்குச் சென்றன. அவற்றின் மனத்தில் ஏதோ பதிவு இருந்திருக்க வேண்டும்!

இவ்வளவு திறமையான விலங்கு ஆய்வுக்கூடத்தில் நிலைபெற்றிருக்க வேண்டுமல்லவா? நிலைபெறவில்லை. ரக்கூன்கள் கூண்டைக் கடித்தன, தப்பி ஓடின, பராமரிப்போரை அலைக்கழித்தன. எலி அடக்கமானது, விரைவில் பெருகுவது, ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பது. எனவே உளவியல் எலியைத் தேர்ந்துகொண்டது. அறிவில் குறைந்ததால் ரக்கூன் விலக்கப்படவில்லை. அடங்காததால் விலக்கப்பட்டது.

அதன் அறிவு பற்றிய செய்திகள் இன்றும் வந்தவண்ணம் உள்ளன. பூனையின் மூளையளவே உள்ள ரக்கூனின் மூளைப் புறணியில் நாய்க்கு நிகரான எண்ணிக்கையில் நரம்பணுக்கள் உள்ளன என்று 2017-இல் கண்டறிந்தனர். அதே ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வு, நாம் சிறுவயதில் படித்த காக்கையும் குடமும் கதையைச் சோதனையாக்கியது. குழாயில் சிறிது நீர், அதில் மிதக்கும் தின்பண்டம், பக்கத்தில் கற்கள். எட்டு ரக்கூன்களில் இரண்டு கற்களைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தக் கற்றுக்கொண்டன. மற்றொன்று, கவிழாதபடி அமைத்திருந்த குழாயையே ஆட்டிக் கவிழ்த்துப் பண்டத்தை எடுத்துக்கொண்டது! ஆய்வாளர் எதிர்பார்த்த விடை அதுவன்று. ஆனால் அதுவும் விடைதானே?

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டு மூன்றாம் படத்தைப் பார்க்க வேண்டும். கூண்டில் 89P13 என்னும் எண்ணுடன் வளரும் சிறு ராக்கெட், தன்னை ஆக்கியவனின் கணக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. அவ்விஞ்ஞானிக்கு மகிழ்ச்சி வரவில்லை, சினம் வருகிறது. தான் கழிவென்று எண்ணிய உயிரிடமிருந்து தனக்குத் தோன்றாத சிந்தனை வந்ததை அவனால் தாங்க முடியவில்லை. அதன் மூளையை வெட்டியெடுத்து ஆராய வேண்டும் என்பதே அவன் விருப்பம். லைலா என்னும் நீர்நாயும், கூண்டில் கூட இருந்த மற்ற இரு விலங்குத் தோழர்களும் கொல்லப்படுகின்றனர். இப்பகுதி மிகையின்றி எடுக்கப்பட்டுள்ளது. பார்ப்பவர் நெஞ்சை எளிதில் விட்டு அகலாது.

படத்தின் வலிமையும் பிழையும்

ஹை எவல்யூஷனரியின் இயந்திரத்துக்குள் ஒரு விலங்கு நுழைந்தால் சில நொடிகளில் நிமிர்ந்து நடக்கும் பிறவியாக வெளிவருகிறது. பரிணாமம் இதுவன்று. தனி உயிர் பரிணாமம் அடைவதில்லை. தலைமுறை தலைமுறையாக உயிர்க்கூட்டமே மாறுகிறது. அதற்கு ஏணியும் இல்லை, உச்சிப்படியும் இல்லை. சூழலுக்கு ஏற்றது தழைக்கும். சூழல் மாறினால் தழைத்ததும் தளரும். “குறையற்ற உயிர்” என்னும் சொல்லுக்கு உயிரியலில் பொருளே இல்லை. படம் இதை நேராகச் சொல்லவில்லை. ஆனால் குறையற்ற சமுதாயத்தை நாடுபவன் தன் படைப்புகளை மீண்டும் மீண்டும் அழித்துக்கொண்டே இருப்பதைக் காட்டுவதன் மூலம் உணர்த்திவிடுகிறது.

இது வெறும் கற்பனைப் பேய் அன்று. பிரான்சிஸ் கால்ட்டன் 1883-இல் பெயரிட்ட இன மேம்பாட்டியல், பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்த காலம் உண்டு. 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் “தகுதியற்றோர்” எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இத்தகைய ஒரு சட்டத்தைச் செல்லும் என்றது. 1933-இல் ஜெர்மனியில் நாஜி அரசும் அவ்வாறு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் முடிவை உலகம் அறியும்.

இந்த இடத்தில்தான் படம் தவறுகிறது என்பது நம் கருத்து. ஹை எவல்யூஷனரி கூச்சலிடுகிறான், கொதிக்கிறான், வெறிபிடித்தவன் போல் ஆடுகிறான். பார்ப்பவர், “இவன் பைத்தியக்காரன்; அறிவியல் இப்படி இராது” என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மேற்கண்ட சட்டங்களை இயற்றியவர்கள் கூச்சலிடவில்லை. மதிப்பு மிக்க மருத்துவர்கள், நீதிபதிகள், பேராசிரியர்கள் அமைதியாக மேசையருகில் அமர்ந்து கையொப்பமிட்டனர். தீமை வெறியுடன்தான் வரும் என்று நம்பும் மாணவர், அது கோப்புடன் வரும்போது அடையாளம் காணமாட்டார்.

மற்றொரு குறையும் உண்டு. அவ்விஞ்ஞானி தான் படைத்த மாற்றுப் புவி ஒன்றை அங்கு வாழ்ந்த அனைவருடனும் அழித்துவிடுகிறான். ஒரு ரக்கூனுக்காக இரண்டரை மணி நேரம் கண்ணீர் விடும் படம், ஒரு கோளின் மக்களுக்காகச் சில நிமிடங்கள் கூட நிற்கவில்லை. பெயர் தெரிந்த உயிர்க்கு இரக்கம், எண்ணிக்கையாக உள்ள உயிர்க்கு மறதி என்பது, படம் எதைக் கண்டிக்கிறதோ அதன் நிழலே அல்லவா? இதற்கு ஈடாக ஒன்று சொல்ல வேண்டும். இறுதியில் எரியும் கலத்திலிருந்து குழந்தைகளை மீட்டபின், கூண்டுகளில் எஞ்சிய விலங்குகளையும் ராக்கெட் விட்டுவர மறுக்கிறது. அங்கேதான் ஒரு கூண்டின்மேல் தன் இனத்தின் பெயரை முதன்முறையாகப் படிக்கிறது. தன்னை ஆக்கியவனைக் கொல்லவும் மறுக்கிறது. மூன்று படங்களும் வந்து சேரவேண்டிய இடம் அதுவே.

விண்ணில் விடப்பட்ட நாய்

குழுவில் காஸ்மோ என்னும் நாயும் உண்டு. சோவியத் நாட்டினர் விண்வெளிக்கு அனுப்பிய நாய் இது என்பது கதை. படக்கதையில் ஆணாக இருந்த காஸ்மோ மூன்றாம் படத்தில் பெண்ணாகிறது. 1957 நவம்பர் 3-இல் ஸ்புட்னிக் 2-இல் ஏற்றப்பட்ட லைக்காவும் பெண் நாய்தான். மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. பல நாள் உயிரோடிருந்ததாக நெடுங்காலம் கூறப்பட்டது. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே மிகை வெப்பத்தால் அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002-இல்தான் வெளியாயிற்று. அத்திட்டத்தில் பணியாற்றிய ஒலெக் கசென்கோ, அந்த நாயின் சாவுக்கு ஈடாகப் போதிய அறிவைப் பெறவில்லை என்று 1998-இல் வருந்தினார். கதையில் காஸ்மோ எதிர்பார்ப்பது தன்னை “நல்ல நாய்” என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே. சிரிப்புக்காக வைத்த காட்சிதான். லைக்காவை அறிந்தவர்க்குச் சிரிப்பு முழுதாக வராது.

விளையாட்டு வடிவில்

இவ்விரண்டு விளையாட்டுகளும் படங்களின் தொடர்ச்சி அல்ல, தனிக்கதைகள். 2017-இல் டெல்டேல் நிறுவனம் ஐந்து பகுதிகளாக வெளியிட்டதில், ஆடுபவர் குவிலாக இருந்து அடிக்கடி இரு தோழருள் ஒருவர் பக்கம் சாயவேண்டும். ஒருவரை மகிழ்வித்தால் மற்றவர் மனம் புண்படும். 2021-இல் ஐடோஸ் மாண்ட்ரியால் உருவாக்கியது இன்னும் சிறந்தது. அவ்வாண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் கதைக்கான பரிசைப் பெற்றது. அதில் நாம் இயக்குவது குவிலை மட்டுமே. மற்றவர்க்குக் கட்டளையிடலாம், ஆனால் அவர்கள் வாதிடுவர், முரண்டுபிடிப்பர், சில சமயம் நம்மைக் கேளாமலே செயலில் இறங்குவர். போரின் நடுவில் அனைவரையும் அழைத்து, அவர்கள் பேச்சைக் கேட்டு, அவர்கள் மனநிலைக்கு ஏற்ற பதிலைத் தேர்ந்தால்தான் ஊக்கம் பெறுவர். தலைமை என்பது முதலில் காதுகொடுத்தல் என்பதை விரல்களுக்கே பழக்கும் முறை இது.

நம் பொருளுக்கு நேராகத் தொடர்புடைய இடம் ஒன்றும் அதில் இருக்கிறது. பணமுடை தீர, அரிய விலங்குகளைச் சேகரிக்கும் ஒருத்தியிடம் தோழர் ஒருவரை “அரக்க விலங்கு” என்று விற்பதுபோல் நடிக்க வேண்டும். ராக்கெட்டா, குரூட்டா? தேர்வு நம்முடையது. படத்தில் கூண்டில் அடைப்பவனைக் கண்டு வெறுப்போம். விளையாட்டில் கூண்டுக்கு யாரை அனுப்புவது என்று நாமே அழுத்தவேண்டும். ராக்கெட்டைத் தேர்ந்தால் அதன் மனம் எவ்வளவு புண்படுகிறது என்பதை நாம் கேட்டே ஆகவேண்டும்.

இவ்விளையாட்டில் ராக்கெட்டுக்குத் தண்ணீர் என்றால் அச்சம். ஆய்வுக்கூடத்தில் பட்ட துன்பத்தின் தழும்பு அது. உண்மை ரக்கூனோ நீரோரத்தில் வாழ விரும்புவது. இரையை நீரில் இட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கத்தால்தான், ‘கழுவுவது’ என்னும் பொருளுடைய லோட்டார் என்ற சொல் அதன் அறிவியற் பெயரில் இடம்பெற்றது. ஈரத்தில் அதன் முன்பாதங்களின் தொடுவுணர்வு கூர்மை பெறுகிறது. நீரைக் கண்டு நடுங்கும் ரக்கூன் என்றால், அதன் இயல்பையே பறித்துவிட்டார்கள் என்று பொருள்.

குறைகளும் உள்ளன. போர்கள் ஒன்றைப்போல் ஒன்று நீள்கின்றன. நாம் எதைத் தேர்ந்தாலும் கதை பெரும்பாலும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. விற்கப்பட்டது யார் என்பது சில காட்சிகளை மாற்றுமே தவிர முடிவை மாற்றாது. நம் தேர்வுக்கு விலை உண்டு என்று சொல்லும் விளையாட்டு, அந்த விலையை முழுதாக வாங்கத் துணியவில்லை.

முடிவாக, விண்வெளி இயற்பியலைக் கற்க இத்தொடரை நாடவேண்டாம். அதற்கு நல்ல நூல்கள் உள்ளன. சோதனைக் கூண்டின் மறுபக்கத்திலிருந்து அறிவியலைப் பார்க்க விரும்புவோர், குறிப்பாக மூன்றாம் படத்தையும் இரண்டாம் விளையாட்டையும் நாடலாம். விலங்குச் சோதனையே கூடாது என்று இக்கதைகளைக் கொண்டு தீர்ப்பளித்துவிட முடியாது. மருந்துகளும் தடுப்பூசிகளும் பல, விலங்குகளின் துணையால் வந்தவையே. ஆனால் 1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் வகுத்த மூன்று நெறிகள் உள்ளன: இயன்றால் விலங்கின்றிச் செய்க, இயலாவிடில் எண்ணிக்கையைக் குறைக்க, எஞ்சியதில் துன்பத்தைத் தணிக்க. 89P13 என்ற எண்ணுக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்ததைக் கண்டு கலங்கிய மாணவர், நாளை ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போது இந்நெறிகளை விதியாக மட்டும் படிக்கமாட்டார்.